நோயுற்ற பூனையும் நம் ஜீவதயையும்

சென்ற ஆண்டு ஆடித் திங்களில், திருமங்கலத்தில் நாம் குடியிருக்கும் இல்லத்தில் ஒரு வினா எழுந்தது. எழுப்பியது ஒரு பூனை. பூனையைப் பற்றி எழுத இவ்விதழில் இடம் கேட்பதா என அன்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், ஐம்பொறியும் மனமும் உடைய ஓர் உயிர், தீராத நோயோடு நம் வாயிற்படியில் வந்து கிடக்கும்போது சிராவகன் செய்யத்தக்கது யாது என்பது சிறிய வினா அன்று. ஆகமங்களை ஏட்டளவில் பயின்ற நம்மை அது பல இரவுகள் உறங்கவிடவில்லை.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பணி நிமித்தம் இப்பாண்டிநாட்டிற்கு வந்து ஆண்டுகள் பல ஆயின. இங்கே நம்மவர் இல்லங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் குன்றுதோறும் நம் முனிவர்கள் இருந்த அடையாளம் உண்டு. செக்கானூரணிக்கு அருகில் கொங்கர் புளியங்குளம் என்னும் ஊர். அதன் குன்றிலே கற்படுக்கைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், பிற்காலத்தில் அச்சணந்தி அடிகளின் பெயரோடு அமைந்த திருவுருவம் ஆகியவை உள்ளன. ஓய்வுநாட்களில் அங்குச் சென்று அமர்ந்து வருவது நம் வழக்கம். இக்கட்டுரையின் பெரும்பகுதி அக்கற்படுக்கையின் நிழலில் எண்ணிப் பார்த்ததே.

நடந்ததைச் சுருக்கமாகக் கூறுவோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுப் பரணில் ஒரு தாய்ப்பூனை இரண்டு குட்டிகளை ஈன்றது. சில வாரங்களில் தாய் காணாமற் போயிற்று. வரிக்குட்டி ஒன்றும் வெள்ளைக்குட்டி ஒன்றும் நம் வீட்டிலும் அடுத்த வீட்டிலுமாக வளர்ந்தன. நாம் இட்டது பாலும் சோறும். பிற உணவை அவை எங்குத் தேடின என்று நாம் கேட்டதில்லை. கேளாதிருந்ததே ஒரு வசதி என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

சென்ற ஆண்டு வரிப்பூனை மெலிந்தது. ஈறு வெளிறிற்று; வாயில் புண் கண்டது; காய்ச்சல் வந்து வந்து போயிற்று. நகரத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் ஒரு துளி இரத்தம் எடுத்து, சிறு பெட்டி போன்ற சோதனைக் கருவியில் இட்டார். பத்து நிமிடத்தில் இரண்டு கோடுகள் தோன்றின. 'பூனைகளுக்கு வரும் லுக்கேமியா வைரஸ். மருந்து கிடையாது. இன்னொரு பூனைக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஊசியில் தூங்க வைத்துவிடலாம், வலி இருக்காது' என்றார். அவர் இரக்கமற்றவர் அல்லர். நம்மைவிட அதிகம் உயிர்களைக் காத்தவர். 'வீட்டில் கலந்து சொல்கிறோம் ஐயா' என்று கூறிப் பூனையைக் கூடையில் இட்டுப் பேருந்தேறினோம்.

அறநூலைப் புரட்டுமுன் நோயை அறிந்துகொள்ள வேண்டும் என்று எண்ணினோம். நோயை அறியாமல் அறம் பேசுவதும் ஒருவகைப் பிரமாதமே.

இவ்வைரஸை 1964ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரட் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் கண்டறிந்தனர். ஒரே வீட்டில் வளர்ந்த பல பூனைகளுக்குக் கட்டிநோய் கண்டதே அவர்களுக்குத் துப்பாயிற்று. உமிழ்நீரால் இது பரவுகிறது. ஒன்றையொன்று நக்குவதாலும், ஒரே வட்டிலில் உண்பதாலும், கடிபடுவதாலும், தாயிடமிருந்து குட்டிக்கும் செல்கிறது. பூனையின் உடலுக்கு வெளியே நெடுநேரம் நிலைத்திராது. சோப்பு நீரிலேயே அழிந்துவிடும். மனிதருக்கு இது தொற்றுவதில்லை. குழந்தைகள் உள்ள வீட்டார் இதனை முதலில் அறிய வேண்டும்; ஏனெனில் அஞ்சித் தெருவில் விடப்படும் பூனைகளே மிகுதி. குட்டிகளை எளிதில் பற்றும். வயது ஏற ஏறப் பூனையின் உடல் எதிர்த்து நிற்கும் ஆற்றல் பெறுகிறது. எனவேதான், ஒரே தாயின் பாலைக் குடித்த இரண்டில் வெள்ளைப்பூனைக்குச் சோதனையில் நோய் இல்லை எனத் தெரிந்தபோது மருத்துவர் வியக்கவில்லை.

பற்றிய பின் எல்லாப் பூனைக்கும் ஒரே கதி அன்று. சிலவற்றின் உடல் வைரஸை முற்றிலும் வென்றுவிடும். சிலவற்றில் அது இரத்தத்தில் தலைகாட்டாமல், உயிரணுவின் மரபுப்பொருளுள் தன்னை எழுதிக்கொண்டு ஒடுங்கிக் கிடக்கும். அப்பூனை பல்லாண்டு நலமாக வாழலாம். உடல் தளரும் காலத்தில் அது மீண்டும் எழவும் கூடும். மூன்றாம் வகையில் வைரஸ் ஓயாமல் பெருகி, இரத்தசோகை, கட்டிநோய், பிற தொற்றுகள் என ஒவ்வொன்றாக வரும். இவற்றுள் பல மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றன. நோய் உறுதியான பூனைகளின் இடைநிலை வாழ்நாள் இரண்டரை ஆண்டு அளவில் என மருத்துவ நூல்கள் கூறும். ஒரு முறை சோதித்து நேர்மறை என்று கண்டதும் தீர்ப்பெழுதக் கூடாது. சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். இதனை அந்த முதல்நாளில் நமக்கு எவரும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் ஒன்று கூறாமலிருக்க முடியவில்லை. வினைக்கொள்கை பயின்ற நம்மவருக்கு இந்நோயின் போக்கு அறிமுகமானது போலத் தோன்றும். வினை சத்தையில் கிடப்பதும், உபசமம் எய்துவதும், காலம் வாய்த்தபோது உதயத்திற்கு வருவதும் நாம் கேட்டவையே. பாலில் நீர் கலந்ததுபோல் உயிரணுவோடு கலந்துவிட்ட ஒன்றை நினைக்கையில் பந்தம் என்ற சொல் நினைவுக்கு வருகிறது. ஆனால் உவமை சான்றாகாது. விஞ்ஞானம் நம் ஆகமத்தை மெய்ப்பித்துவிட்டது என்று மேடையில் முழங்குவோர் வரிசையில் நாம் சேர விரும்பவில்லை.

இனி மருத்துவம். வைரஸை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மனிதருக்கு எய்ட்ஸ் நோயில் தரப்படும் ஜிடோவுடின் என்னும் மருந்தைச் சில பூனைகளுக்குத் தருவதுண்டு, வாய்ப்புண் தணியலாம், ஆனால் அம்மருந்தே இரத்தசோகையை மிகுவிக்கும். செய்யக்கூடியவை எளியவை: வீட்டினுள்ளேயே வைத்தல், தனி வட்டில், ஆறு திங்களுக்கு ஒரு முறையேனும் மருத்துவரிடம் காட்டல், இடையே வரும் தொற்றுகளுக்கு உடனே மருந்து, பச்சை இறைச்சி உண்ணாமல் காத்தல், இனப்பெருக்கத் தடைச் சிகிச்சை. தடுப்பூசி 1985ஆம் ஆண்டு முதல் உண்டு. நோயற்ற பூனைக்கு அது பயன்படும், நோயுற்றதற்குப் பயனில்லை. பூனைகளுக்கு வழக்கமாகப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இது சேர்ந்ததன்று. வெள்ளைப்பூனைக்காக நாம் கேட்டபோது கிடைக்கவில்லை.

இச்சோதனை வந்த புதிதில், 1970களில், நோய் கண்ட பூனைகளைக் கொன்று நீக்குவதே மேலைநாடுகளில் முறையாகக் கருதப்பட்டது. அவ்வெண்ணம் மாறிவிட்டது. சோதனை முடிவு ஒன்றை மட்டும் கொண்டு உயிரை முடிக்கலாகாது என்று அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறி கூறுகிறது. ஐம்பது ஆண்டுகளில் மருத்துவம் வந்து சேர்ந்த இடம் நம் ஆசாரியர்கள் நின்ற இடத்திற்குப் பக்கத்தில்தான் என்பது நமக்கு ஆறுதலாயிற்று. ஆனால் வேதனையே மிஞ்சும் இறுதிநாட்களுக்கு அந்நெறி ஊசியை விலக்கவில்லை. வழி பிரிவது அங்கேதான்.

அமிர்தசந்திராசாரியர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அருளிய புருஷார்த்த சித்தியுபாயத்தில், இரக்கத்தின் பெயரால் கொலையை நியாயப்படுத்தும் வாதங்களை அடுத்தடுத்து எடுத்து மறுக்கிறார். ஒன்றைக் கொன்றால் பல காக்கப்படும் என்பது ஒன்று. பல உயிரைக் கொல்லும் விலங்கு பெரும்பாவம் சேர்க்கிறதே, அதனை முன்னதாகவே கொல்வது கருணையன்றோ என்பது மற்றொன்று. மிகுதுன்பம் உழக்கும் உயிரைக் கொன்றால் விரைவில் துன்பம் ஒழியுமே என்பது மூன்றாவது. மூன்றையும் கொலைக்கருவியை ஏந்தத் தூண்டும் மயக்கம் என்றே அவர் தள்ளுகிறார். நாம் வியந்தது இதுதான்: மருத்துவர் கூறிய 'இன்னொரு பூனைக்கும் ஒட்டிக்கொள்ளும்', தெருவில் ஒருவர் கூறிய 'எலியையும் அணிலையும் தின்கிற ஜீவன்தானே', நம் இல்லத்தாரே கண்ணீரோடு கூறிய 'இது படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை' ஆகிய மூன்றும் அந்நூலில் அப்படியே இருந்தன.

முதல் இரண்டு வாதங்களை விடுவது எளிது. பிரித்து வைத்தால் தொற்று நிற்கும். எனவே கொல்லாமலே பிறவற்றைக் காக்கலாம். ஊன் உண்பது பூனையின் பிறவி அமைப்பு. அதற்கு அதன்மேல் தண்டனை இல்லை. மூன்றாவதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறது.

இதே வினா நம் நாட்டையே கலக்கிய காலம் உண்டு. 1926ஆம் ஆண்டு அகமதாபாத்தில் மில் அதிபர் அம்பாலால் சாராபாய் தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்வித்தார். காந்தியடிகள் அதனைத் தவறென்று கூறவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1928இல், சபர்மதி ஆசிரமத்தில் ஊனமுற்றுத் தீரா வேதனையில் கிடந்த கன்று ஒன்றை, மருத்துவர் கைவிட்ட பின், நஞ்சூசியால் இறக்கச் செய்தார் அடிகள். அதனை அவரே தம் பத்திரிகைகளில் எழுதவும் செய்தார். சமணர் பலர் கொதித்தெழுந்தனர். சினமும் வசையும் நிறைந்த மடல்கள் அவருக்கு வந்தன. தம் பிள்ளை அந்நிலையில் இருந்து, வேறு உதவி ஏதும் இயலாதாயின் பிள்ளைக்கும் அவ்வாறே செய்வேன் என்று அவர் விடையிறுத்தார். அறுவை மருத்துவன் கத்தி பிடிப்பது இம்சையாகாததுபோல், தன்னலமின்றித் துயர் நீக்கச் செய்வதும் இம்சையாகாது என்பது அவர் கருத்து.

காந்தியடிகளை வைதவர்கள் நம் பக்கத்தவர் என்பதால் மட்டும் அவர்களோடு நாம் நிற்கவில்லை. அடிகளின் நேர்மை அவ்வசைமாரியைவிட அகிம்சைக்கு நெருக்கமானது. ஆனால் அவர் காட்டிய உவமை முழுதும் பொருந்தவில்லை என்றே தோன்றுகிறது. பூஜ்யபாத சுவாமிகள் சர்வார்த்தசித்தியில், முனிவர் ஒருவருடைய கட்டியைக் கருணையோடு அறுக்கும் மருத்துவனைக் காட்டுகிறார். வலி உண்டாயினும் மருத்துவனுக்குப் பாவம் இல்லை. ஏன்? வலிக்குப் பின்னும் அம்முனிவர் இருக்கிறார். நலம் அவரைச் சேர்கிறது. கன்றின் ஊசியில் நலத்தைப் பெற எவரும் எஞ்சவில்லை. துயர் நீங்கியவர் என்று நாம் உறுதியாகச் சுட்டக்கூடியவர் அருகில் நின்று காணமுடியாமல் தவித்தவரே. அவ்வுயிர் எந்தக் கதியில், எந்த வேதனையில் மீண்டும் கண் திறந்தது என்று ஊசி போட்டவர் அறியார்.

சல்லேகனையை எடுத்துக்காட்டி வாதிட்டார் ஓர் இளைஞர். 'மனிதருக்கு நாம் அதனை அறம் என்கிறோம். 2015ஆம் ஆண்டு இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அதனைத் தற்கொலை என்றபோது நாடெங்கும் ஊர்வலம் போனோம். அதே ஆகஸ்டுத் திங்களில் உச்சநீதிமன்றம் தடை விதித்ததும் மகிழ்ந்தோம். பூனைக்கு மட்டும் அவ்வமைதி கிடைக்கலாகாதா?' நல்ல வினாதான். சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்திலும், அதனைத் தழுவிய நம் அருங்கலச்செப்பிலும் சல்லேகனைக்கு உரிய காலங்களுள் தீராநோயும் ஒன்று. ஆயின் அங்கே உடலை விடுபவர் தாமே விடுகிறார். பகை விட்டு, பற்று விட்டு, அறிந்து விடுகிறார். பிறர் கொடுக்கும் சாவுக்கு அப்பெயரைச் சூட்டுதல் ஆகாது. விலங்குகதியிலும் விரதம் ஏற்ற உயிர்கள் உண்டு. வர்த்தமான சுவாமியின் முற்பிறவிச் சிங்கத்தை நாம் அறிவோம். அச்சிங்கமும் தானே ஏற்றது.

ஆகவே கொல்வதில்லை என முடிவு செய்தோம். முடிவு செய்ததும் மனம் அமைதி அடையும் என்று எண்ணினோம். மாறாக, தொல்லை அன்றுதான் தொடங்கியது. கொல்லாமை ஒரு நாளில் எடுக்கும் முடிவு. காத்தல் நாள்தோறும் செய்யும் வேலை.

அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றுள் மூன்று நம் வீட்டுப் பின்கட்டிற்குள் வந்துவிட்டன. தெருவெல்லாம் திரிந்த உயிரை அறையில் அடைத்தோம். அது கட்டுதல் அன்றோ? கதவைப் பிறாண்டி அது கத்திய முதல் வாரம் கொடியது. பின்னர்ச் சன்னலுக்குக் கம்பிவலை அடித்து வெயில் படும்படி ஒரு பலகை வைத்தோம், கத்தல் அடங்கியது. இரு பூனைகளுக்கும் இனப்பெருக்கத் தடைச் சிகிச்சை செய்வித்தோம். கடித்துச் சண்டையிடுவதும் நோயுள்ள குட்டிகள் பிறப்பதும் இதனால் நிற்கும் என்பது உண்மை. பூஜ்யபாதரின் மருத்துவன் உவமை இதற்குப் பொருந்துமா? அக்கட்டி முனிவரைத் துன்புறுத்தியது. இவ்வுறுப்பு பூனையைத் துன்புறுத்தவில்லை. இதில் நம் மனம் இன்னும் முழுதும் தெளியவில்லை என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

உணவே பெருஞ்சிக்கல். பூனையின் உடல் ஊனின்றி நிற்கும்படி அமைந்ததன்று. டாரின் என்னும் சத்து அதற்கு உணவின் வழியே வந்தாக வேண்டும். அது குறைந்தால் கண்பார்வை கெடும், இதயம் தளரும். பாலிலும் சோற்றிலும் அது போதிய அளவு இல்லை. திரிந்த காலத்தில் அது தன் உணவைத் தானே தேடிற்று, வினை அதனுடையது. அடைத்த நாளிலிருந்து அதன் வயிற்றுக்கு நாம் பொறுப்பாளிகள். பாலும் சோறும் மட்டும் இட்டால் உணவு தடுத்தல் என்னும் அதிசாரம். மீன் வாங்கி இட்டால் வேறோர் உயிரின் கொலைக்கு விலை கொடுத்தவராவோம்.

அடுத்த வீட்டு அம்மையார் நம் குழப்பத்தைக் கேட்டு, 'இதுக்குப் போயி ஏன் அண்ணே இப்படி வெசனப்படுறீங்க? எங்க வீட்ல ஆக்குறதுல ஒரு வாய் போட்டா ஆச்சு. நீங்க அந்தப் பக்கம் வரவே வேணாம்' என்றார். அன்று முதல் நடுக்கட்டு வழியாக ஒரு வட்டில் வருகிறது. வெந்த உணவு மட்டும் இடுமாறு மருத்துவர் சொல்லியிருந்ததை அவரிடம் தெரிவித்தது நாம்தான். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்ற மூன்றில் முதல் இரண்டும் நம்மைச் சாரா என்று சொல்லிக்கொள்ளலாம்; மூன்றாவது சாராது என்று எந்த வாயால் சொல்வது? மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரன் எத்தனை பிறவி உழன்றான் என்பதைச் சிறுவயதிலேயே கேட்டவர்கள் நாம். செயற்கையாகச் செய்த டாரின் தூளை நகரத்து மருந்தகத்தில் சொல்லி வைத்து வரவழைத்து, பருப்புச் சோற்றில் கலந்து பார்த்தோம். வரிப்பூனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

தில்லி செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் வளாகத்தில் நம்மவர் நடத்தும் பறவை மருத்துவமனையில், ஊன் உண்ணும் பறவைகளை உள்ளே தங்கவைப்பதில்லை, மருந்திட்டு அனுப்பிவிடுவர். அவர்களும் இதே சுவரில் முட்டி ஒரு வாயிலைக் கண்டிருக்கின்றனர். நமக்கு அவ்வாயில் இல்லை.

நம் ஊர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவர், 'பூனை வளர்ப்பதே தவறு. கார்த்திகேயானுபிரேட்சையில் அதனை அனர்த்ததண்டத்தில் வைத்திருக்கிறதே' என்று மடல் எழுதினார். அவர் கூற்று உண்மை. எலிக்காகப் பூனை வளர்க்கும் நம் இல்லத்தார் சிலர் அதனைச் சிந்திக்க வேண்டும். ஆயின் பரணில் பிறந்து, அனாதையாகி, நோயுற்ற ஒன்றை அந்நூலைக் காட்டித் தெருவில் விடுவதற்கு அதில் இடமில்லை. வளர்க்காதே என்ற கட்டளையைக் கைவிடு என்று படிப்பது நமக்கு வசதியான பிழை.

மருத்துவம் எதுவரை என்பதும் ஒரு வினா. மாசித் திங்களில் இரத்தசோகை முற்றியபோது, வேறொரு பூனையின் இரத்தத்தை ஏற்றலாம் என்றார் மருத்துவர். நோயற்ற வெள்ளையைப் பிடித்துக் கட்டி மயக்கி இரத்தம் எடுக்க வேண்டும். சில வாரங்களுக்கே அதன் பயன் நிற்கும். வேண்டாம் என்றோம். வாய்ப்புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து தொடர்ந்தோம். வலி தணிக்கும் மருந்தையும் கேட்டுப் பெற்றோம். துன்பம் வினைப்பயன், அது நுகரப்பட வேண்டும் என்று கூறி வலி மருந்தை மறுப்போரும் உண்டு. அவர்கள் தம் பல்வலிக்கும் அவ்வாறே இருப்பாராயின் நாம் வாதிடவில்லை.

உண்ண மறுத்த நாட்களில் ஊசிக்குழலால் கஞ்சியை வாயில் செலுத்தினோம். இருமுறை விழுங்கியது, மூன்றாம் முறை தலையைத் திருப்பிக்கொண்டது. எம் அன்னையார், 'போதும், விடு. அது வேண்டாம் என்கிறது' என்றார். நிறுத்தினோம். அதுவும் உணவு தடுத்தலோ என்ற ஐயம் அன்றிரவு நம்மை வாட்டியது. இரண்டு நாள் கழித்து அது தானே எழுந்து நீர் குடித்தது. அத்தருணத்தில் நாம் சீவகனை நினைத்துக்கொண்டோம். அடிபட்டுச் சாகக் கிடந்த நாயின் செவியில் அவன் பஞ்சமந்திரம் ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் இயக்கனாயிற்று என்பது காப்பியம். சீவகன் அந்நாயின் உயிரை நீட்டவும் இல்லை, முடிக்கவும் இல்லை, அருகில் இருந்தான்.

இரண்டாம் சோதனையும் நேர்மறையாகவே வந்தது. வைரஸ் ஒடுங்கும் வகையன்று, பெருகும் வகை. ஆயினும் பங்குனி பிறந்தபின் ஈறு சற்றே சிவந்தது. இதனை எழுதும் இன்று அது பலகையின்மேல் வெயிலில் படுத்திருக்கிறது. எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளைப்பூனை வலைக்கு அப்புறம் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வீட்டு வட்டில் இன்னும் வரவில்லை. அது வருகிறதா என்று நம் செவியும் நடுக்கட்டின் பக்கமே இருக்கிறது.